சந்தனம் வெச்ச டிஸ்க்

பிளக்கைப் புடுங்கி எவ்வளவோ நேரமாச்சு, இன்னும் அந்த ஹார்ட் டிஸ்க் டக்குன்னுது.

கந்தவேலுக்கு பயத்தை விட எரிச்சல்தான் வந்துச்சு. முதலாளி ரத்தினசாமிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்க வெச்ச கம்ப்யூட்டரு, பனியன்ல அடிக்கற டிசைன் பூராவும் அதுக்குள்ளதான், போன வாரம் எவனோ ஒயரைத் தட்டி உட்டு மேசைலருந்து உழுந்ததுல டிஸ்க்குக்குள்ள சுத்தற தட்டைப் படிக்கற ஹெட்டு தட்டோடயே ஒட்டிக்கிச்சு. நாளைக்கு டிசைன் வரலீன்னா பொட்டி பழைய இரும்புக்கு, அவன் பழையபடி சாயப்பட்டறைக்கு. முதலாளி சிரிச்சுட்டேதான் சொன்னாரு. ஆனா சொன்னா செஞ்சுருவாரு.

இன்னைக்குன்னு பார்த்து ஆயுத பூசை. கம்பெனி ஹால்ல தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, பொரி வாங்கிட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போயாச்சு. மேசைல கழட்டி வெச்சிருந்த டிஸ்க்கையும் உடாம, அது காத்து வாங்கற ஓட்டை மேலயே சந்தனத்தை அப்பி வெச்சிருந்துச்சு கூட்டற செல்லத்தாயக்கா. அவன் ஸ்குரூடிரைவர்ல அதைச் சொரண்டறதைப் பார்த்துட்டு வாசல்லயே நின்னுச்சு.

"பொட்டு வெச்சதை எழுப்பக் கூடாதுங்க தம்பி. விடியட்டும்."

"இது மிஷினு இல்லீங்க்கா, கம்ப்யூட்டரு."

"வேலை செய்யறது எதா இருந்தாலும் தூங்கோணுமுங்க."

கேட்டைப் பூட்டிட்டு வாச்மேன்கிட்ட சாவியக் குடுக்கறேன்னுட்டு போயிருச்சு.

தேஞ்சு போன ஒரு திருகு சும்மா சுத்திச் சுத்தி உசுரை வாங்குச்சு. தூசி உழுகும்னு ஃபேனையும் நிறுத்திட்டதால வேர்வை கண்ணுல எறங்க, பஞ்சும் மிஷின் ஆயிலும் ஒடைச்ச பூசணிக்காயுமா ஒரு வாசம் மூக்கை அடைச்சுது. கடைசியா மூடி வந்துச்சு. உள்ள தட்டு கண்ணாடியாட்டம். அதுல அவன் மொகம், பின்னாடி ஹாலு, வரிசையா மிஷினுங்க.

டக்.

ஹெட்டு அசையவே இல்ல. சத்தம் டிஸ்க்லருந்து வரல.

ஹால்லருந்து.

திரும்பிப் பார்த்தான். யாருமில்ல. கோடியில இருக்கற மிஷின்ல மட்டும், மத்தியானமே காஞ்சு போன பொட்டு, இப்ப ஈரமா மின்னுச்சு.

டக். அதுக்கு அடுத்த மிஷினு.

எலியா இருக்கும்னு பல்லைக் கடிச்சுட்டு குனிஞ்சான். இன்னும் கொஞ்சந்தான், ஹெட்டை நகத்திட்டா போதும். ஸ்குரூடிரைவர் முனையை ஹெட்டுக்கிட்ட கொண்டு போனான்.

டக்.

கிட்ட.

டக்.

சந்தன வாசம். பொடனிக்குப் பின்னாடி.

ஹெட்டு நகந்துச்சு. கரண்டே இல்லாம தட்டு சுத்துச்சு.

நெத்தியில சில்லுன்னு.

ஸ்குரூடிரைவரைக் கீழ போடப் பார்த்தான். வெரல் விரியல. கத்தப் பார்த்தான். வாய் தொறக்கல.

தட்டு மெதுவா நின்னுச்சு. அதுல அவன் மொகம். நெத்தி நடுவுல ஈரச் சந்தனம், அது மேல குங்குமம். பின்னாடி வரிசையா மிஷினெல்லாம் தூங்குது.

அவன் கண்ணு மட்டும் மூடல.