ஆரஞ்சு ஸ்டிக்கர்

இரவெல்லாம் பெய்த பனி விஸ்கான்சினின் அந்தத் தெருவில் எல்லாவற்றின் மேலும் ஒரு முழம் நின்றது. வெர்னின் பழைய பிக்கப் வண்டி மேல் மட்டும் இல்லை. பானெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் எஞ்சினே கிடையாது. சாவதற்கு முன் வெர்னே கழற்றி விற்றிருந்தான்.

செத்துப்போன கணவன் வெர்னின் மிச்சம் என்று மார்லிஸிடம் இருந்தது அது ஒன்றுதான். நான்கு வருடமாக அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அதற்குக் காவல் இருந்தாள். இன்று அதன் கண்ணாடியில் நகராட்சியின் ஆரஞ்சு ஸ்டிக்கர். ஓடாத வண்டி வெளியில் நிற்கக் கூடாது. மூடிய கராஜுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி போட்டு இழுத்துப் போவார்கள். யாராவது புகார் சொன்னால்தான் இந்தச் சட்டம் கண் விழிக்கும்.

உயிரோடு இருந்தவரை அதை எழுப்பிவிடும் வேலையை வெர்ன்தான் பார்த்துக்கொண்டான். வளர்ந்த புல், நின்ற ட்ரெய்லர், எதிர்வீட்டு டுவேனின் படகு, எதையும் புகார் சொல்லாமல் விட்டதில்லை.

"நீதான போன் பண்ணின, டுவேன்?"

"நானா? உன் புருஷன் போனப்புறம்தான் என் படகே நிம்மதியாத் தூங்குது. நான் ஏன் அதைக் கெடுத்துக்கிறேன்?"

நகராட்சி ஆய்வாளர் ரஸ்க் தன் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். "யாருன்னு சொல்லக் கூடாது, மேடம். ஆனா பழகின குரல். தொண்டையைச் செருமிக்கிட்டு, 'நான் யாரையும் குறை சொல்ற ஆளில்ல'ன்னு ஆரம்பிக்கும்."

டுவேனின் சிரிப்பு நின்றது. அந்தத் தெருவில் அப்படி ஆரம்பிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான்.

மார்லிஸுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது வேறு. என்மேலேயா, வெர்ன்?

இருவரும் வண்டியைக் கராஜுக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள். சட்டம் திருப்தியடைந்தது.

சீக்கிரமே இருட்டியது. கராஜுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதன் இடுக்கு வழியாகப் பெட்ரோல் வாசனையும், கூடவே வெர்ன் மெல்லும் புகையிலையின் இனிப்பு வாடையும், சூடு ஆறும் இரும்பின் டிக், டிக் சத்தமும் மெதுவாக உள்ளே வந்து, அவள் நாற்காலியைச் சுற்றி நின்றன.

பிறகு, ஒரு செருமல்.

"நான் யாரையும் குறை சொல்ற ஆளில்ல. ஆனா என் அடுக்களைல ஒண்ணு கெடக்கு. நாலு வருஷமா ஒரே எடம். ஓடல."

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் கேட்கவில்லை. கையும்.

ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம். நெற்றியில் ஆரஞ்சு. பசை இன்னும் காயவில்லை.

கராஜில் எஞ்சின் உறுமியது. கதவடியில் நுழைந்த சங்கிலி, அவசரமே இல்லாமல், நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தது.