எட்டாம் ஆட்டின் படம்

எட்டாம் ஆட்டின் இதயத் துண்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. காலையில் அது இல்லை.

அவன் கண்ணாடிப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். துண்டுகளைச் சாயத்தில் ஊறவைத்தால் உயிருள்ள தசை செங்கல் நிறமாகச் சிவக்கும், செத்தது வெளுத்தே கிடக்கும். எட்டாம் ஆட்டினுடையது முழுச் சிவப்பு. மூன்று மாதமாக அப்படியேதான் இருந்தது. மதிய வெயிலில் ஆய்வறை முழுக்க ஃபார்மலின் நெடியும், அதற்கு அடியில் ஈர ஆட்டுமயிர் வாடையும் சேர்ந்து மூக்கை அரித்தன; பக்கத்து ஆட்டுக் கொட்டகையோ காலியாகி மூன்று மாதம் ஆகிறது.

வெளுத்தது ஒன்பதாம் ஆட்டினுடையதுதான். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் மூன்று தடவை தலையாட்டும் ஆடு. கொட்டகைக்காரர் அதை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார். இதயக் குழாயை நூலால் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, பிறகு கட்டை ஒரேயடியாக அவிழ்க்காமல் முப்பது நொடி தளர்த்தி, முப்பது நொடி இறுக்கி, இப்படி நான்கு முறை. ரத்தம் மெல்லத் திரும்பினால் சேதம் குறையும் என்பது அவன் கண்டுபிடிப்பு. எட்டு ஆடுகளுக்குக் குறைந்தது. வாத்தியாரின் இதயம் மட்டும் முழுக்கச் செத்திருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள அவன் மெனக்கெடவில்லை. அதன் துண்டுகளை எரிக்கும் பையில் போட்டான். எட்டின் துண்டைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்து, கீழே ஒன்பது என்று எழுதினான்.

இன்று காலை அண்ணனுக்கு மாரடைப்பு. மனிதர்களுக்கு நூலுக்குப் பதில் குழாய்க்குள் பலூன். இந்த முறைக்கு முதல் நோயாளி அவர்தான்.

"என் தம்பி கண்டுபிடிச்சது. கண்ண மூடிக்கிட்டு செய்யுங்க" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார் அண்ணன்.

தலைமை டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "கூடப் பொறந்தவன், நீ உள்ள வேணாம். ஒம்பதுக்கு ஒம்பது பாஸ். அப்புறம் என்ன பயம்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆய்வறைக்குத் திரும்பிவிட்டான்.

சுவரில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசும் போன். எடுத்தான். சொன்னால் வேலை போகும், பேர் கெடும். வைத்துவிட்டான். அண்ணனுக்கு முன்னால் தன் பேர் ஞாபகம் வந்ததே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. மறுபடி எடுத்தான். கையில் பிடித்தபடியே புட்டியைப் பார்த்தான்.

புட்டியில் வெள்ளை வளர்ந்தது.

நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான். முப்பது நொடி. மறுபடி வளர்ந்தது. முப்பது. நின்றது.

மூன்றாம் முறை.

நான்கு.

சிவப்பே இல்லை.

கையிலிருந்த போனை அவன் வைத்ததும் அது அடித்தது.

"நல்லபடியா முடிஞ்சுதுப்பா" என்றார் தலைமை டாக்டர். "முழிச்சுக்கிட்டுதான் இருக்கார். வாயே தெறக்கல, ஆனா..."

"ஆனா?"

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தலையாட்டுறார். மூணு மூணு தடவை."

ஓடினான்.

அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை விலகிய நெஞ்சில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை. அறையில் ஈர ஆட்டுமயிர் வாடை.

"அண்ணே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். படத்தை. பையை. போனை எடுத்து எடுத்து வைத்ததை.

அண்ணன் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

வெள்ளை கழுத்தைத் தாண்டி உதட்டுக்கு ஏறியிருந்தது.