இடம் மாறிய கதவு எண்

கிட்ட வந்து உட்காருங்க சாமி. ஒரு பெண்ணின் பிழைப்பை ஒரு மனுசர் தன் கண்ணாலேயே காப்பாற்றிய கதை இது.

எண்பதுகளில், நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டு வரி உயர்ந்தது. ஜனங்கள் திணறக் கூடாதென்று நகராட்சியில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய வீடென்றால் உயர்வை மூன்று பங்காக்கி வருஷத்துக்கு ஒரு பங்கு ஏற்றுவார்கள். புதிதாகக் கட்டியதற்கு மட்டும் முழு வரியும் உடனே. யோசித்தவர் நல்ல மனசுக்காரர்தான்.

ஆனால் செல்லாயி அழுதுகொண்டே ஓய்வுபெற்ற ஏட்டு கந்தப்பனிடம் வந்தாள்.

"ஏனுங்க ஏட்டையா, என்ர ஊடு புது ஊடாமுங்க! முழு வரியும் இப்பவே கட்டோணுமாம். எருமையை வித்தாத்தான் முடியும். அது போச்சுன்னா பால் ஏவாரம் போச்சு, நான் என்னத்தத் தின்பேன்?"

கந்தப்பனின் மச்சினன் சின்னுசாமி முந்திக்கொண்டான். "மச்சான், கோயில் நோம்பிக்கு வெள்ளையடிச்சிருப்பா. அதப் பாத்துப் புதுசுன்னு எழுதிப்போட்டாங்க!"

"வெள்ளையடிச்சா ஓட்டு மேல இருக்கற பாசியும் போயிருமா மாப்ளே? நட, பாக்கலாம்."

செல்லாயியின் ஓட்டு வீட்டை ஒட்டி, அதே அளவு மனையில், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரன் பச்சமுத்து பழசை இடித்துக் கட்டிய மச்சு வீடு நின்றது. கந்தப்பன் இரண்டு வாசல் நிலைகளிலும் இருந்த கதவு எண் தகடுகளைத் தடவிப் பார்த்தார். வாஷர் வைத்து முடுக்கிய திருகாணிகள். தெருக்கோடி வரை நடந்தார். மற்ற வீடுகளில் எல்லாம் வெறும் ஆணி.

"செல்லாயி, உன் கதவு எண் என்ன?"

"எனக்கு எழுத்து எங்கீங்க தெரியும்? தகடு அதும்பாட்டுக்கு இருக்குதுங்க."

மறுநாள் கந்தப்பன் தன் வீட்டுக்கு மூவரை வரச்சொன்னார்: செல்லாயி, பச்சமுத்து, வீடுகளை அளந்து போன நகராட்சி அலுவலர் சுவாமிநாதன். ஒரு தகரத்தையும் பெட்டியையும் நீட்டினார். பெட்டியில் ஆணி, சுத்தியல், திருகாணி, வாஷர் எல்லாம் கிடந்தன.

"பச்சமுத்து, இதை என் நிலையில மாட்டிக் குடேன்."

அவன் கை யோசிக்காமல் திருகாணியை எடுத்தது, வாஷரைக் கோத்தது.

"ஏப்பா, ஆணி போதாதா?"

"லாரியில ஆணி நிக்குமுங்களா? ஆடி ஆடிக் கழண்டுருமுங்க."

"ஊடு ஆடுமா, பச்சமுத்து?"

அவன் திருகாணியைப் பெட்டியில் திரும்பப் போட்டான்.

கந்தப்பன் குரலை உயர்த்தவில்லை. "தெருவெல்லாம் ஆணி. உங்க ரெண்டு ஊட்டுல மட்டும் லாரிக்காரன் கைவேலை. அளக்க வர்றதுக்கு முன்னாலயே தகடுகளை மாத்திட்டே. இவரு தகட்டைப் பாத்து எழுதினாரு. உன்ற மச்சு ஊடு செல்லாயி எண்ணுல புதுசுன்னு ஏறிடுச்சு. அவ ஓட்டு ஊடு உன்ற எண்ணுல பழசுன்னு ஏறிடுச்சு."

"மூணு வருஷத்துல மெல்லக் கட்டிக்கலாம்னு பாத்தனுங்க..." என்று முனகினான்.

"பட்டறை வெச்சுச் சம்பாதிக்கறவனே, என்ர எருமைதான் உனக்குக் கண்ணுல பட்டுதா?" என்றாள் செல்லாயி.

சுவாமிநாதன் எழுந்து கந்தப்பனைக் கும்பிட்டார். இரண்டு வீட்டையும் மறுபடி பார்த்து வரியைத் திருத்தினார். பச்சமுத்து முழுதும் கட்டினான். செல்லாயி முதல் பங்கைப் பால் காசிலேயே கட்டிவிட்டு, கறவை நேரமாச்சென்று விரசாக வீட்டுக்கு நடந்தாள்.

உங்க வீட்டுக்கு எந்தச் சுமை வந்தாலும் தாங்குகிற அளவாகப் பங்கு போட்டே வரட்டும் சாமி. அடுப்பும் விளக்கும் குறையாமல் எரியட்டும்.