ஏழாவது ஸ்டார்ட்

கம்பத்தில் கருகிய மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெயர் கிறிஸ்டோபர். பேய், பிசாசு என்று எவனாவது கடையில் வந்து அளந்தால், "ஏலே, போய்ப் பொழப்பப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரைக்கு, கூடலூர் பக்கம் செல்லப்பாண்டியின் வாழைத் தோட்டத்துக்குப் போனேன். அவன் இறந்து அன்றோடு ஏழு நாள். கிணற்றுக்குள் திட்டில் கருகிக் கிடந்த மோட்டாரைத் தூக்கி வந்து காயில் கட்ட வேண்டும். குலை தள்ளிய வாழைகள் தண்ணீர் இல்லாமல் துவண்டு நின்றன.

அவன் செத்ததில் எனக்குப் பங்கு உண்டு. மோட்டாரை ஒவ்வொரு முறை போடும்போதும், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூடு உள்ளேயே தங்கும். ஆறவிடாமல் போட்டுப் போட்டு நிறுத்தினால் காயில் வெந்துபோகும். மணிக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் தாங்காது. அதற்காகவே அவன் ஸ்டார்ட்டரில் ஒரு டைமர் வைத்துக் கொடுத்திருந்தேன். நிறுத்தினால் பதினைந்து நிமிடம் திரும்ப எடுக்காது.

"த்ரீ பேஸ் கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். அதுலயும் சும்மா நிக்கவாண்ணே? அந்த டைமர் ஒயரக் கழட்டி விடுங்க" என்று நச்சரித்தான். கழற்றிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் செத்த அன்று குழாயில் காற்றுப் பிடித்து, தண்ணீர் ஏறவில்லை. அவன் கிணற்றுக்குள் இறங்கி நின்று "போடு", "நிறுத்து" என்று கத்த, மேலே மோட்டார் ரூமில் அவன் மனைவி மாரீஸ்வரி பட்டனை அழுத்தினாள். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஏழாவது தடவை காயில் வெந்து கரண்ட் குழாயில் ஏறியது. அவன் கை குழாயில் இருந்தது.

நான் போனபோது மாரீஸ்வரி மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கொழுந்தன் சுருளிராஜன் மோட்டாரைத் தூக்கச் சங்கிலி எடுத்துவரப் போயிருந்தான்.

"இங்கன என்னத்தா பண்ற? வீட்டுக்குப் போ."

"மூணு மணிக்கு அவுக கூப்பிடுவாகண்ணே" என்றாள் மெதுவாக. "மொத நா ஒரு தடவ போடுன்னாக. மறுநா ரெண்டு. நேத்து ஆறு. போட மாட்டேன்னுதான் நிக்கிறேன். கை தானாப் போகுது."

"இன்னைக்கு ஏழு."

"ஆமா. இன்னைக்கு எறங்கிக் கையப் பிடிச்சுத் தூக்கிருவேன்."

எழுந்து வரச் சொன்னேன். வரவில்லை. மூன்று ஃபியூசையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தங்கச்சி மாதிரி அவள். இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும், கர்த்தரே, என்று வாய்விட்டே சொன்னேன்.

மணி மூன்று. காற்று நின்றது. காயில் கருகும் வாடை குப்பென்று வந்தது.

"போடு."

கிணற்றுக்குள்ளிருந்து. செல்லப்பாண்டியின் குரலேதான்.

பச்சைப் பட்டன் தானாக உள்ளே போனது. டக்.

கருகிப்போன மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"நிறுத்து."

டக்.

இரண்டு. மூன்று. அவள் கை என் பிடியில் துள்ளியது. நான் விடவில்லை. நான்கு. ஐந்து. ஆறு.

பிறகு சத்தமே இல்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"கிறிஸ்டோபரண்ணே, நீங்க போடுங்க."

என் கை போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. அவளைப் பிடித்திருந்த அதே கை.

"விடுங்கண்ணே, அவுக நிக்கிறாக!" என்று அவள் படியில் இறங்கி ஓடியது கேட்டது. "ஏத்தா, குழாயத் தொடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். விரல் பட்டனை விட்டு வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தேன். வரவே இல்லை.

மோட்டார் ஓடியது. கீழே ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

சுருளிராஜன் வந்து மாரீஸ்வரியின் உடலை மேலே தூக்கியபோது மூன்று ஃபியூசும் என் பையில்தான் இருந்தன. சட்டையோடு சேர்த்து நெஞ்சைச் சுட்டிருந்தன. தழும்பு இன்னும் இருக்கிறது.

விசாரணையெல்லாம் முடிந்து, போன வாரம் அந்த மோட்டாரைக் கொண்டுவந்து என் கடையில் போட்டார்கள். வாழையாவது பிழைக்கட்டுமாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெஞ்சில் கிடக்கிறது. ஒரு ஒயர்கூட மாட்டவில்லை.

கொண்டுவந்த அன்றே மூன்று மணிக்கு அதிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. ஆண் குரல் இல்லை.

"போடுங்கண்ணே."

மோட்டாரைத் தொட்டேன். சுட்டது.

முந்தாநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறிப் பார்த்தேன். பஸ்ஸிலும் கேட்டது. முன்சீட்டுக் கம்பியை என் விரல் அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஒரு தடவை கூப்பிட்டாள். நேற்று ஆறு.

இப்போது மணி இரண்டே முக்கால்.