இரவு அங்கி தரும் கை

"அறைக்குள்ள யாரு அந்தஸ்துல ஒசந்தவங்களோ, அவங்கதான் உங்களுக்கு இரவு அங்கிய எடுத்துக் குடுக்கணும். எல்சன்பெர்க் அரண்மனையோட வழக்கம் இது."

சிபில்லா புதுப்பெண்ணாக வந்திறங்கிய அன்று மாலை, அரண்மனைத் தோழி கிசேலா சொன்னது.

"இங்க உன்னையும் என்னையும் விட்டா யாரு இருக்கா? அந்தக் கணப்பு அடுப்பா எழுந்து வந்து குடுக்கும்?"

கிசேலா சிரிக்கவில்லை. "உங்களுக்கு வாரிசு பொறக்கிற வரைக்கும் மூத்தவங்கதான் ஒசந்தவங்க, இளவரசியம்மா."

மூத்தவள் அடெல்ஹைட். கோமகன் ஒட்டோகரின் முதல் மனைவி. இதே கட்டிலில் பிரசவத்தில் இறந்தவள், பிள்ளையும் தங்கவில்லை.

இப்போது சிபில்லாவுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்கிறேன் என்று கணவனிடம் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்து, விழுங்கியிருக்கிறாள். வாரிசு அரண்மனைக்கு வெளியே பிறப்பதாவது என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

தினமும் இரவில் கிசேலா ஆளில்லாத சுவரோரம் ஒருமுறை முழங்கால் மடக்கி வணங்குவாள்; பிறகு அங்கியைத் தானே கொண்டுவந்து கொடுப்பாள். ஆனால் இந்த இரவில், கூரையிலிருந்து பனி சரிந்து விழும் ஓசையும் ஈரவிறகின் சீறலும் ஒரே நேரத்தில் அடங்கிப்போக, மெழுகும் வாடிய பூவும் கலந்த ஒரு வாடை, நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் அறையெங்கும் மெல்லப் பரவிய வேளையில், பாதி வழியில் நின்ற கிசேலா அங்கியை வெறுங்காற்றிடம் நீட்டினாள்.

கையை விட்டாள்.

அங்கி விழவில்லை.

கிசேலா தலை நிமிராமலே பின்னால் நகர்ந்து, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கி அருகே வந்தது. சில்லிட்ட துணி தலைவழியே இறங்கியது. சிபில்லாவின் வலது கை வெளியே வந்தது. இடது கை வரவில்லை. அங்கியின் கைக்குள்ளே வேறு விரல்கள். ஈர விரல்கள். அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன.

இன்னொரு கை வயிற்றின்மேல் படிந்தது. கனிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் அழுத்தியது.

உள்ளே துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அசையாமல் நின்றது.

கணவனிடம் கேட்க வராத சொல், அப்போதுதான் வாய்விட்டு வந்தது.

"அக்கா... பிரசவத்துக்கு என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க."