எது பயிர், எது புல்?

யசிந்தாவுக்கு மீன்களைத் தெரியும். ஓரா எது, ஒட்டி எது, பாரை எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். நீர்வேலிக்கு வந்த பிறகு அந்தப் படிப்பால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று.

கடற்கரை ஊரான குருநகரில் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும், அப்பா செபநாயகமும் அம்மா லூர்த்தம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தார்கள். முருகேசு என்ற தோட்டக்காரர் தன் வளவில் இருந்த சின்ன வீட்டை அவர்களுக்குத் தந்தார். கடலுக்குப் போக முடியாததால், அப்பா வாழைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்.

ஒவ்வொரு மத்தியானமும் முருகேசுவின் மனைவி சின்னத்தங்கம் ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்து கொடுப்பார். அம்மா சிரித்தபடி வாங்குவாள். அவர் போனதும் சிரிப்பும் போய்விடும். எத்தனை நாளைக்கு இப்படி வாங்கிச் சாப்பிடுவது என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்பாள்.

வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது. சிவப்பு மண்ணும் கல்லும்தான். அதில் ஏதாவது நடலாமா என்று யசிந்தா கேட்டபோது சின்னத்தங்கம் மகிழ்ந்துபோனார். வெண்டி, பயிற்றை, பூசணி, கீரை என்று வீட்டில் மிஞ்சிக் கிடந்த விதைகளை எல்லாம் ஒரே கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். சண்டையால் பாதைகள் பூட்டியிருப்பதால் கடைகளில் விதை கிடைப்பதில்லை, கவனமாக வைத்துக்கொள் என்றும் சொன்னார். அதனால் அம்மா பாதியை எடுத்து ஒரு போத்தலில் போட்டு வைத்தாள்.

யசிந்தா கல் பொறுக்கினாள். அப்பா மண்ணைக் கொத்திக் கொடுத்தார். விதையைத் தூவிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கிழமையில் நிலம் முழுவதும் பச்சை. புல்லைப் பிடுங்கினால்தான் பயிர் வளரும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அன்று பின்னேரம் முழுவதும் குனிந்து நின்று பிடுங்கினாள்.

மறுநாள் முருகேசு வந்து பார்த்தார்.

"பிள்ளை, பயிரை எல்லாம் பிடுங்கிப்போட்டு, புல்லை நல்ல வடிவா வளத்து வைச்சிருக்கிறாய்."

யசிந்தாவுக்கு அழுகை வந்தது. நேற்று அந்தப் புல்லுக்கு இரண்டு வாளி தண்ணீர் வேறு ஊற்றியிருந்தாள்.

"மாமா, எது பயிர், எது புல்லு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"பாத்தால் தெரியும்."

"எனக்குப் பாத்தால் தெரியேல்லை."

முருகேசு யோசித்தார். "புல்லு எண்டால் புல்லு மாதிரி இருக்கும்." அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார். "வெண்டி எண்டால், வெண்டி மாதிரி இருக்கும்."

அடுத்த முறை தானே வந்து புல் பிடுங்கித் தருவதாகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அவர் விடிந்ததிலிருந்து வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறவர். சாப்பாடும் தந்து வேலையும் செய்து தருவதா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

யசிந்தா அப்பாவிடம் கேட்டாள். ஒன்றையும் பிடுங்காமல் விடு, எல்லாம் வளரட்டும் என்றார். அம்மாவிடம் கேட்டாள். சந்தேகமானதை எல்லாம் பிடுங்கு என்றாள். யசிந்தாவுக்கோ எல்லாமே சந்தேகமாக இருந்தது. போத்தலில் இருப்பதுதான் கடைசி விதை. இன்னொரு தடவை பிழைவிட முடியாது.

அன்று அம்மா பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். யசிந்தா பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"அம்மா, வறுத்த பயறு முளைக்குமோ?"

"எப்பிடி முளைக்கும்? அதுதான் செத்துப்போச்சே."

யசிந்தா சட்டென்று எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் புகை வந்தது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று கல்லின் மேல் ஒரு ஓட்டைச் சட்டி. அதற்குள் மண். யசிந்தா அகப்பைக் காம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"மண் வறுக்கிறன்."

அம்மா அவளுடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"மண்ணுக்குள்ளை புல்விதை கிடக்கும் அம்மா. வறுத்தால் அது செத்துப்போகும். இந்த மண்ணிலை எங்கடை விதையைப் போட்டால், முளைக்கிறதெல்லாம் பயிர்தானே?"

அம்மா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு விறகைத் தள்ளிவிட்டு, நன்றாகக் கிண்டு என்றாள்.

மண் ஆறியதும் யசிந்தா அதைப் பத்துத் தேங்காய்ச் சிரட்டைகளில் நிரப்பினாள். விதையில் கொஞ்சத்தைச் சிரட்டைகளில் போட்டாள். மிச்சத்தை, மறுபடி கொத்திய நிலத்தில் தூவினாள்.

ஒரு கிழமை கழிந்தது. நிலத்தில் பழையபடி எல்லாம் கலந்து முளைத்திருந்தது. சிரட்டைகளிலோ நாலே நாலு வகைதான். தடித்த இரட்டை இலை ஒன்று. கூரான இலை ஒன்று. வட்ட இலை ஒன்று. சிவந்த தண்டோடு மெல்லியது ஒன்று.

யசிந்தா ஒரு சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். சென்றியில் ஆட்களை மறித்து அடையாள அட்டை பார்ப்பதுபோல, ஒவ்வொரு முளைக்கும் முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். சிரட்டையில் இருப்பதுபோல இருந்தால் விட்டாள். இல்லாவிட்டால் பிடுங்கினாள். அப்படியும் சில இடங்களில் குழம்பி, எழுந்து அடுத்த சிரட்டையை எடுத்துவர வேண்டியிருந்தது. முடிக்க இரண்டு நாட்கள் ஆயிற்று.

மூன்றாம் நாள் முருகேசு வந்தார். குனிந்து பார்த்தார். அந்தக் கரையில் இருந்து இந்தக் கரை வரை நடந்தார்.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

யசிந்தா மண் வறுத்த கதையைச் சொன்னாள். முருகேசு வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சின்னத்தங்கத்தையும் கூட்டிவந்து காட்டினார். வரும்போது ஒரு கடகப் பெட்டி நிறைய மாட்டெருவும் கொண்டுவந்து கொடுத்தார்.

கீரை முதலில் வந்தது. அடுத்து பயிற்றை தடியில் ஏறியது. பூசணி வேலியைப் பிடித்துக்கொண்டது. மழை இரண்டு பெய்ததும் வெறும் நிலம் என்று சொல்ல மண்ணே தெரியவில்லை. அப்பா கடல் பார்ப்பதுபோல அதன் ஓரத்தில் போய் நின்றுகொண்டிருப்பார்.

முதலில் காய்த்த வெண்டிக்காயில் அம்மா பால்கறி வைத்தாள். பாதியைச் சின்னத்தங்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள். மத்தியானம் அப்பா ஒரு முறை கறி போட்டுச் சாப்பிட்டார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையை மீண்டும் நீட்டினார்.

அம்மா சட்டியைச் சரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா," என்றாள் யசிந்தா. ஒரு ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.