பொட்டு வைத்த டிவிடி

கிட்டே வாங்க கண்ணுகளா, நெருங்கி உட்காருங்க. பேசிக்கொண்டிருந்த ஒரு டிவிடி ஊமையான கதை இது. எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். செய்தது யாரென்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், கீறல் விழுந்த சிடி, டிவிடிகளை மெஷினில் தேய்த்து மெருகேற்றித் தருபவர் பரக்கத் அலி. ஒருநாள் அவர் கடைக்குள் ஒரு குடும்பமே சண்டையோடு நுழைந்தது: மோகனூர் காளியாத்தாள், மகன் சந்தோஷ்குமார், மருமகள் சௌந்தர்யா. வெளியே காரில் மருமகளின் துணிப்பெட்டி.

"செத்துப்போன எம்பட ஊட்டுக்காரர் பேசறது இதுல மட்டுந்தானுங்க பாய் இருக்குது. இவ கீறிப்போட்டா. இது பாடலீன்னா இப்பவே இவள அவங்கம்மா ஊட்டுல உட்டுருவேன்."

"நான் கீறலீங்க அத்தை! எத்தன தடவ சொல்றது?"

"மாமா படத்துக்கிட்ட இருந்து எடுத்தியா இல்லியா?"

"ஒட்டடை அடிக்க எடுத்து வெச்சேனுங்க!"

"மோகனூர்ல ஆரம்பிச்சதுங்க பாய்," என்றான் சந்தோஷ்குமார். "நடுவழியில எறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு."

பரக்கத் அலி டிவிடியை வெளிச்சத்தில் சாய்த்தார். மேற்பக்கம் மங்கிய சந்தனப் பொட்டு. அடிப்பக்கம் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள். நடுத்துளையோரம் வெள்ளைப் பொடி.

"ஆணியால கீறியிருக்காங்க!" என்று அவர் மனைவி தஸ்லீம் துள்ளினாள். எந்த வழக்கிலும் அவளுக்குத்தான் அவசரம்.

"கோபத்துல யாரும்மா வட்டமாக் கீறுவாங்க? சும்மா இரு."

மூவரிடமும் ஆளுக்கொரு தூசி படிந்த பழைய டிவிடியையும் துணியையும் கொடுத்தார். "தொடைச்சுக் காட்டுங்க."

மகன் சட்டையிலேயே தேய்த்தான். மருமகள் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைத்தாள். "இதென்ன கூத்து" என்று முனகிய காளியாத்தாளின் கை தானாகச் சுருக்குப்பையைத் திறந்தது. ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோலச் சுற்றிச்சுற்றி அழுத்தித் தேய்த்தது.

பாதியில் அந்தக் கை நின்றது. பளபளப்பில் வட்டவட்டமாய்க் கீறல்.

"அமாவாசைக்கு அமாவாசை படத்தோட இதுக்கும் பொட்டு வெச்சீங்களா ஆத்தா?" என்று கேட்டார் பரக்கத் அலி.

"ஆமாங்க... பழைய சந்தனம் வழிஞ்சு அடியில காஞ்சிருந்துச்சு. அதான் திருநீறு போட்டுத் தொடச்சேன். அவரு கொரல் இருக்கறது அழுக்கா இருக்கலாமுங்களா?"

"திருநீறு வௌக்குக்குச் சரிங்க. இதுக்கு உப்புத்தாள் மாதிரி. குறுக்கே கீறினாலாவது தாண்டிப் பாடும். வட்டக் கீறல் பதிவோட தடத்துலயே ஓடுமே!"

"நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் தஸ்லீம்.

"நீ ஆணின்னுல்ல நெனச்ச?"

கீறல் ஆழமில்லை. மெஷின் இரண்டு முறை சுழன்று நின்றது. டிவியில் காதுகுத்துப் பந்தி. காளியாத்தாளின் கணவர் சுப்பையன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். "காளி, எல்லாரையும் வெரட்டுனது போதும். வந்து உக்காரு, சோறு ஆறுது."

காளியாத்தாள் கண்ணைத் துடைக்கவில்லை. டிவிடியை மருமகள் கையில் வைத்தாள். "பெட்டியோட ஊட்டுக்கே போலாம் சாமி. எம்மேலதான் தப்பு. இனி இதத் தொடைக்கறது நீதான்."

"சரிங்க அத்தை. பொட்டு நீங்களே வெய்யுங்க. கவர் மேல."

கேட்ட உங்கள் வீடுகளிலும் கோபத்தில் கட்டிய பெட்டிகள் பிரிந்து, சோறு ஆறுமுன் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரட்டும், கண்ணுகளா.